நாலு பக்கம் தெரிந்தால் மனை தெரியுமா?

"கிழமேல் இருபுறமும் அடி 30, தென்வடல் இருபுறமும் அடி 40, ஆக மொத்தம் 1200 சதுர அடி கொண்ட காலி மனை." மனை வாங்கியவர்களுக்கு இந்த வாசகம் பழக்கமானது. கிரயப் பத்திரத்தில் சொத்து விவரம் என்ற தலைப்பின் கீழ், வடக்கே இன்னார் மனை, தெற்கே 20 அடி ரோடு என்று நான்கெல்லை சொல்லி முடித்ததும் வரும். படிக்கும்போது இதில் ஒரு குறையும் தெரியாது. கணக்கு வாத்தியார் மட்டும் ஓரிடத்தில் நின்றுவிடுவார். இருபுறமும் 30, இருபுறமும் 40 என்றால் எதிரெதிர்ப் பக்கங்கள் சமம் என்று பொருள். அப்படிப்பட்ட மனை ஓர் இணைகரம் என்று சொல்லலாம். செவ்வகம் என்று சொல்ல அது போதாது.

ஆனால் பத்திரம் எழுதியவர் தன்னை அறியாமலே இன்னொரு தகவலையும் தந்துவிட்டார். 30, 40 பக்கம் கொண்ட இணைகரங்கள் எண்ணற்றவை. அவற்றில் 1200 சதுர அடி வருவது செவ்வகம் ஒன்றுக்குத்தான். கொஞ்சம் சாய்ந்தாலும் பரப்பு குறையும். ஆக, எழுத்துப்படி அந்த மனை செவ்வகமேதான். தரையில் அப்படி இருக்கிறதா என்பது வேறு விஷயம். அந்த 1200ஐ யாரும் நிலத்தில் அளந்து எழுதுவதில்லை. 30ஐ 40ஆல் பெருக்கித்தான் எழுதுகிறார்கள்.

மூலைக் கோணம் 90 டிகிரிக்குப் பதில் 85 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 1195 சதுர அடியாகும். ஐந்து சதுர அடி போனால் போகட்டும் என்று விட்டுவிடுவோம். ஆனால் ரோட்டோரம் 30 அடி இருக்கிறதல்லவா, அதற்கு எதிரே இருக்கும் பின்பக்க எல்லை மூன்றரை அடி ஒதுங்கி, பக்கத்து மனைக்குள் போய் நிற்கும். ஒதுங்கிய அந்த முக்கோணத் துண்டு மட்டும் கிட்டத்தட்ட 70 சதுர அடி. பக்க அளவு பிசகவில்லை, பரப்பும் பெரிதாகப் பிசகவில்லை, சண்டை மட்டும் நிச்சயம். மூலைக்கு மூலை டேப் பிடித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்: சரியான செவ்வகமானால் இரண்டு மூலைவிட்டமும் 50 அடி, இந்தச் சாய்ந்த மனையில் ஒன்று 52 அடி, மற்றது 48 அடிக்கும் கொஞ்சம் குறைவு. கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது பக்கங்களை அளந்ததும் மூலைக்கு மூலை பார்ப்பது இதற்காகத்தான். பத்திரத்தில்தான் அந்த வழக்கம் இல்லை.

இந்தச் சிக்கலை ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில் இருக்கிறது சேதராப்பட்டு. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர். பிப்டிக் என்னும் அரசு நிறுவனத்தின் தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது. சுற்றிலும் தமிழ்நாட்டின் வானூர் தாலுகா. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த கிராமங்களும் ஆங்கிலேயர் கையில் இருந்த கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்த நிலப்பகுதி இது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிய பிறகும் எல்லை அப்படியேதான் இருக்கிறது. ஆகவே அளவு மொழியும் இங்கே கலந்துதான் புழங்கும். ஏக்கர், சென்ட் என்பார் ஒருவர். எக்டேர், ஏர், சென்டியர் என்னும் ஆவணம். பெரியவர்கள் குழி, காணி என்பார்கள். புதுச்சேரிப் பக்கம் ஒரு குழி என்பது 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. தஞ்சைப் பக்கம் போனால் அதே குழி 144 சதுர அடிதான். எந்த அலகில் சொன்னாலும் அது பரப்பைத்தான் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது.

இப்போது ஒரு கற்பனை மனையைச் சேதராப்பட்டில் நட்டுப் பார்ப்போம். நான்கு பக்கமும் 25 மீட்டர். ரோடு நேர் கிழக்கு மேற்காக ஓடாமல் கொஞ்சம் சாய்ந்து ஓடுகிறது. மயிலம் சாலைப் பக்கத்தில் அது புதுமையும் அல்ல. ஏதோ ஒரு கல்லைத் தொடக்கமாக வைத்து, அங்கிருந்து கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்று ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு எண் எழுதுகிறோம். அ (12, 5), ஆ (36, 12), இ (29, 36), ஈ (5, 29). இதுதான் ஆயத்தொலைவு. பத்தாம் வகுப்புப் புத்தகம் இதை ஆயத்தொலை வடிவியல் என்று ஒரு பாடமாக வைத்திருக்கிறது.

அ-விலிருந்து ஆ-வுக்குப் போக கிழக்கே 24, வடக்கே 7. பிதாகரஸ் கணக்கில் 24-இன் வர்க்கம் 576, 7-இன் வர்க்கம் 49, கூட்டினால் 625, வர்க்கமூலம் 25. மற்ற மூன்று பக்கங்களும் இப்படியே 25 மீட்டர்தான் வரும். பரப்பு 625 சதுர மீட்டர்.

இரண்டாவது மனை. அ, ஆ இரண்டு கல்லும் அதே இடத்தில் இருக்கட்டும். பின்பக்கத்து இரண்டு கற்களை மட்டும் இடம் மாற்றி, இ-யை (36, 37)-க்கும் ஈ-யை (12, 30)-க்கும் கொண்டுபோகிறோம். இப்போதும் நான்கு பக்கமும் 25 மீட்டர். வேண்டுமானால் போட்டுப் பாருங்கள். ஆனால் பரப்பு 600 சதுர மீட்டர். முதல் மனை 6 ஏர் 25 சென்டியர், இரண்டாவது சரியாக 6 ஏர். ஏறக்குறைய அரைக்குழி காணாமல் போய்விட்டது. நாலு பக்க அளவை மட்டும் எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும், இந்த இரண்டில் எது உங்கள் மனை என்று சொல்ல முடியாது.

மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணம் அசையாது. நான்கு பக்கம் தெரிந்தாலும் நாற்கரம் அசையும். ஆணி தளர்ந்த ஜன்னல் சட்டம் போல ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். 1802இல் பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் அடிக்கோடு போட்டு இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது முக்கோணங்களாகவே பின்னிக்கொண்டு போனதற்கும் இந்த அசையாத்தன்மையே காரணம்.

இந்தச் சிக்கல் நமக்குத்தான் புதிது, சாஸ்திரத்துக்குப் புதிதல்ல. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு பாதிகளையும் பெருக்கினால் பரப்பு என்ற விதி எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில், கோயில் நிலங்களின் பட்டியலிலேயே பயன்படுத்தப்பட்டிருக்கிறது. 628இல் பிரம்மகுப்தர் அதைத் தோராய விதி என்று சொல்லிவிட்டு, நான்கு பக்கங்களைக் கொண்டு வர்க்கமூலம் எடுக்கும் நுட்பமான விதியையும் தந்தார். நம் இரண்டு மனைக்கும் இந்த இரண்டு விதிகளையும் போட்டுப் பார்த்தால் நாலு முறையும் 625தான் வரும். பிரம்மகுப்தரின் நுட்ப விதி, நான்கு மூலையும் ஒரே வட்டத்தின் மேல் அமையும் நாற்கரத்துக்கே பொருந்தும். நமது இரண்டாவது மனை அப்படி அமையாது. தோராய விதியின் குணம் இன்னும் வேடிக்கையானது. அது எந்த நாற்கரத்துக்கும் பரப்பைக் குறைத்துச் சொல்லாது. செவ்வகத்துக்குச் சரியாகச் சொல்லும், மற்ற எல்லாவற்றுக்கும் கூட்டித்தான் சொல்லும். வரி வாங்குகிறவருக்கும் மனை விற்கிறவருக்கும் இதைவிட வசதியான சூத்திரம் கிடைக்காது.

1150இல் லீலாவதி எழுதிய பாஸ்கரர் இந்த இடத்தில் பொறுமை இழந்துவிட்டார். ஒரு மூலைவிட்டமோ ஒரு செங்குத்தளவோ சொல்லாமல், பக்கங்களை மட்டும் கொடுத்து நாற்கரத்தின் பரப்பைக் கேட்கிறவரையும், அதற்கு விடை சொல்லக் கிளம்புகிறவரையும் அவர் கடுமையாகவே திட்டுகிறார். பக்கங்கள் மாறாமலே மூலைவிட்டங்கள் மாறலாம் என்பது அவர் காட்டும் காரணம். எண்ணூறு வருடங்களுக்கு மேலாகியும் நம் பத்திரங்கள் அவரிடம் திட்டு வாங்கும் நிலையில்தான் இருக்கின்றன என்பது என் கருத்து.

பத்திரம் எப்படியிருந்தாலும் நில அளவைத் துறை இந்த விஷயத்தில் ஏமாறவில்லை. சென்னை மாகாணத்தில் புல வரைபடம் போட்ட முறையைப் பாருங்கள். எஃப்எம்பி ஸ்கெட்ச் என்று வாங்குகிறோமே, அதேதான். புலத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு அதன் மேல் சங்கிலி இழுப்பார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் நேராக வந்ததும் நின்று, குறுக்குக்கட்டையால் செங்கோணம் பிடித்து, அந்த வளைவு கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளப்பார்கள். கோட்டின் மேல் இத்தனை, கோட்டிலிருந்து விலகி இத்தனை என்று ஒரு புள்ளிக்கு இரண்டு எண். இது ஆயத்தொலைவு அல்லாமல் வேறென்ன? தெக்கார்த் என்ற பிரெஞ்சுக்காரர் 1637இல் வடிவங்களை எண்களாக்கிக் காட்டிய நூலை வெளியிட்டார். வானூர்ப் பக்கத்துச் சர்வேயர் அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே அதே வேலையைப் புளியமர நிழலில் செய்துகொண்டிருந்தார்.

சரி, நான்கு மூலைக்கும் எண்கள் கைக்கு வந்துவிட்டன. வடிவம் என்ன என்று எப்படிச் சொல்வது? பாடப்புத்தகம் தொலைவுச் சூத்திரத்தில் தொடங்கி ஆறு நீளங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும். தேர்வுக்கு அது சரி. கையில் எண் இருக்கும்போது நான் பரிந்துரைப்பது அதைவிடச் சோம்பேறித்தனமான வழி: கூட்டிப் பாருங்கள்.

எதிரெதிர் மூலைகளைக் கூட்டுங்கள். முதல் மனையில் அ-வும் இ-யும் சேர்ந்து (41, 41). ஆ-வும் ஈ-யும் சேர்ந்து அதே (41, 41). இரண்டும் ஒன்றானால் அது இணைகரம். மூலைவிட்டத்தின் நடுப்புள்ளி என்பது இரண்டு முனைகளின் கூட்டுத்தொகையில் பாதிதானே. கூட்டுத்தொகை ஒன்றாக இருந்தால் நடுப்புள்ளியும் ஒன்று, அதாவது மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று பாதியாக வெட்டுகின்றன. வர்க்கமூலம் வேண்டாம், வகுத்தல்கூட வேண்டாம். இரண்டாவது மனைக்கும் பாருங்கள்: (48, 42), (48, 42). அதுவும் இணைகரம்தான்.

இனி இந்த இரண்டு மூலைவிட்டங்களிடமே மிச்சத்தைக் கேட்டுக்கொள்ளலாம். அவை நீளத்தில் சமமா? சமம் என்றால் செவ்வகம். செங்கோணத்தில் வெட்டுகின்றனவா? ஆம் என்றால் சாய்சதுரம். இரண்டுக்கும் ஆம் என்றால் சதுரம். இரண்டுக்கும் இல்லை என்றால் வெறும் இணைகரம். முதல் மனையில் ஒரு மூலைவிட்டம் கிழக்கே 17, வடக்கே 31. மற்றது மேற்கே 31, வடக்கே 17. நீளங்களின் வர்க்கம் இரண்டுக்கும் 1250, ஆகவே சமம். செங்கோணத்தைப் பார்க்க கிழக்கு எண்ணைக் கிழக்கு எண்ணோடும், வடக்கு எண்ணை வடக்கு எண்ணோடும் பெருக்கிக் கூட்டுங்கள். மேற்கே என்றால் கழித்தல் குறி. 17×(−31) + 31×17 = 0. பூஜ்யம் வந்தால் செங்கோணம். ஆக, சதுரம். இரண்டாவது மனையில் ஒரு மூலைவிட்டம் (24, 32), நீளம் 40 மீட்டர். மற்றது (−24, 18), நீளம் 30 மீட்டர். சமம் இல்லை. பெருக்கிக் கூட்டினால் −576 + 576 = 0, செங்கோணம். ஆகவே சாய்சதுரம். நாலு பக்கமும் 25 என்று ஒரே முகத்தைக் காட்டிய இரண்டு மனைகள், மூலைக்கு மூலை பார்த்ததும் பிரிந்துவிடுகின்றன: ஒன்றில் இரண்டும் சமம், மற்றதில் 40, 30.

செங்கோணத்துக்கு இந்தப் பெருக்கல் எதற்கு, சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 என்று பள்ளியில் படித்தோமே என்று கேட்கலாம். படித்தது சரிதான். ஆனால் இரண்டாவது மனையில் அ-விலிருந்து ஈ-க்குப் போகும் எல்லை நேர் வடக்கே போகிறது: கிழக்கே 0, வடக்கே 25. சாய்வு கேட்டால் 25-ஐ 0-ஆல் வகுக்க வேண்டும், கால்குலேட்டர் கையை விரித்துவிடும். நேர் வடக்கே போகும் எல்லை தேர்வுத்தாளில் அபூர்வமாக இருக்கலாம், மனைப் பிரிவில் தெருவுக்குத் தெரு உண்டு. பெருக்கிக் கூட்டும் வழிக்கு இந்தச் சங்கடம் கிடையாது. தேர்வுத்தாளில் எழுதினாலும், கணினி நிரலுக்கு எழுதினாலும் அதையே எழுதுங்கள்.

இணைகரம் இல்லையென்றால்? ஒரு ஜோடி எதிர்ப்பக்கம் இணையாக இருந்தால் சரிவகம். சாலை வளையும் இடத்து மனைகள் பெரும்பாலும் இந்த ரகம்: முன்பக்கமும் பின்பக்கமும் இணை, பக்கவாட்டில் ஒன்று மட்டும் சாய்ந்திருக்கும். இணையா என்று பார்க்கக் குறுக்கே பெருக்க வேண்டும். ஒரு பக்கம் (24, 7), எதிர்ப்பக்கம் (12, 3.5) என்றால் 24×3.5 − 7×12 = 0; இணைதான். பட்டம் என்ற வடிவமும் பாடத்தில் உண்டு, அடுத்தடுத்த இரண்டிரண்டு பக்கங்கள் சமமாக இருப்பது. அந்த வடிவத்தில் யாராவது மனை விற்றால் வாங்குவதற்கு முன் வாஸ்து பார்ப்பவரைவிடச் சர்வேயரைக் கூப்பிடுவது நல்லது.

இவ்வளவும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: மூலைகளைச் சுற்றி வரும் வரிசையில் எழுதியிருக்க வேண்டும். வலமாகச் சுற்றினாலும் இடமாகச் சுற்றினாலும் பரவாயில்லை, குறுக்கே தாவக் கூடாது. அ, ஆ என்று எழுதிவிட்டு ஈ-யை மூன்றாவதாகவும் இ-யை நான்காவதாகவும் எழுதினால் எல்லைக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு உடுக்கை வடிவம் வந்துவிடும். நமது சதுர மனையை இப்படி வரிசை தப்பி எழுதி, ஆயத்தொலைவுகளைக் குறுக்காகப் பெருக்கிக் கழிக்கும் பரப்புச் சூத்திரத்தில் போட்டால், விடை சுத்தமாக 0 வரும். 625 சதுர மீட்டர் நிலம் எழுத்து வரிசையில் மாயமாகிவிடும்! வரிசை தெரியாத நான்கு புள்ளிகள் கிடைத்தால், இரண்டிரண்டாகப் பிரிக்க மூன்றே வழிகள்தான் உள்ளன. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். எந்தப் பிரிவில் கூட்டுத்தொகை ஒத்துப்போகிறதோ அந்த ஜோடிகளே எதிரெதிர் மூலைகள். நாலு புள்ளியும் ஒரே கோட்டில் விழாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு புள்ளி மற்ற மூன்றின் நடுவே விழுந்துவிட்டால் கதை வேறு. அதே நாலு கற்களைக் கொண்டு மூன்று வெவ்வேறு உள்ளொடுங்கிய நாற்கரங்கள் வரையலாம், மூன்றுக்கும் பரப்பு வெவ்வேறாக இருக்கலாம். அங்கே எண்கள் சரியாக இருந்தும் வரிசை இல்லையென்றால் மனை இல்லை.

கூட்டிப் பார்க்கும் இந்த உத்தி எவ்வளவு வலுவானது என்பதற்கு ஒரு சின்ன வேடிக்கை. எப்படிப்பட்ட கோணல் வயலாக இருந்தாலும், நான்கு வரப்புகளின் நடுவிலும் ஒரு குச்சி நட்டு, அடுத்தடுத்த குச்சிகளைக் கயிற்றால் இணைத்தால் கிடைப்பது எப்போதும் இணைகரம். வரிஞோன் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் தேற்றம் இது. அவர் இறந்த பிறகு 1731இல் அச்சானது. பள்ளியில் இதை முக்கோணங்கள் வரைந்து நிரூபிப்பார்கள். நமக்கு ஒரு வரி போதும். அ-ஆ நடுவும் இ-ஈ நடுவும் சேர்ந்தால், நான்கு மூலைகளின் கூட்டுத்தொகையில் பாதி. ஆ-இ நடுவும் ஈ-அ நடுவும் சேர்ந்தாலும் அதே பாதி. எதிரெதிர்க் கூட்டுத்தொகை ஒன்று, ஆகவே இணைகரம். அந்த இணைகரத்தின் பரப்பு வயலில் சரிபாதி என்பது கூடுதல் லாபம்.

சேதராப்பட்டில் இந்தக் கணக்கை இரும்பில் பார்க்கவும் வழி உண்டு. மயிலம் சாலையில் எல் அண்ட் டி நிறுவனத்தின் மின்கோபுரத் தொழிற்சாலை இருக்கிறது. உயரழுத்த மின்கம்பியைத் தூக்கி நிற்கும் கோபுரங்களின் இரும்புச் சட்டங்களைச் செய்யும் இடம் அது. அப்படிப்பட்ட கோபுரத்தின் நாலு கால்களை நினைத்துப் பாருங்கள். நாலு குழி தோண்டி, ஒவ்வொன்றிலும் காலின் அடித்துண்டைக் கான்கிரீட்டில் புதைக்க வேண்டும், ஸ்டப் என்பார்கள். பெரும்பாலான கோபுரங்களுக்கு அந்த நாலு கால்களும் மேலிருந்து பார்த்தால் சதுரத்தின் மூலைகளில் நிற்க வேண்டும். பக்கங்களை மட்டும் சரிபார்த்துக் கான்கிரீட் ஊற்றிவிட்டால், நமது இரண்டாவது மனை போல அடி சாய்சதுரமாகிவிடலாம். தொழிற்சாலையில் துளை போட்டு வந்த சட்டங்கள் சதுரத்துக்கென்று வெட்டப்பட்டவை. மேலே ஏற ஏற போல்ட் துளைகள் ஒன்றோடொன்று சேராது. பத்திரத்துச் சாய்வை வழக்குப் போட்டு ஒத்திப்போடலாம். இரும்பு ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் ஸ்டப் நிறுத்தும் ஆட்கள் கான்கிரீட்டுக்கு முன் மூலைக்கு மூலை டேப் பிடிக்காமல் விடுவதில்லை. சரிவான மலைப்பகுதியில் கால்களின் உயரம் ஆளுக்கொன்றாக இருக்கும்; கால்கள் வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பதால் நீண்ட கால் அதிகம் தள்ளி நிற்கும், மேலிருந்து பார்த்தால் சரியான சதுரம் வராது. கிழக்கு எண், வடக்கு எண் இரண்டை மட்டும் வைத்துப் பேசுவதன் வசதி அங்கே தெரியும்.

இப்போது கையில் இருக்கும் செல்போனுக்கு வருவோம். வரைபடச் செயலியில் விரலை அழுத்தினால் இரண்டு எண் தருகிறது. சேதராப்பட்டில் நின்றால் ஏறத்தாழ 12, 79.75. இவை அட்சரேகையும் தீர்க்கரேகையும், டிகிரிக் கணக்கு. இவற்றை அப்படியே எடுத்து மேலே சொன்ன சூத்திரங்களில் போடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் பிசகும். 12 டிகிரி வடக்கில், வடக்கே ஒரு டிகிரி என்பது சுமார் 110.6 கிலோமீட்டர், கிழக்கே ஒரு டிகிரி சுமார் 108.9 கிலோமீட்டர். துருவத்தை நோக்கிப் போகப் போக தீர்க்கரேகைகள் நெருங்குவதால் வரும் வித்தியாசம் இது. நேர் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கில் மூலைகளை வைத்து, டிகிரிக் கணக்கில் கச்சிதமான சதுரம் ஒன்றை வரைந்தால், தரையில் அதன் ஒரு மூலைவிட்டம் 110.6 மீட்டர், மற்றது 108.9 மீட்டர் என்று வரலாம். திரையில் சதுரம், தரையில் சாய்சதுரம். டெல்லிக்குப் போனால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

அதனால் சர்வேயர்கள் டிகிரியை மீட்டராக்கிய பிறகுதான் கணக்குப் போடுவார்கள். யுடிஎம் என்ற முறையில் உலகம் அறுபது பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. புதுச்சேரி 44ஆம் மண்டலத்தில் வருகிறது. அதன் நடுக்கோடு 81 டிகிரி கிழக்கு. நடுக்கோட்டுக்கு 5 லட்சம் மீட்டர் என்று வைத்துவிடுவதால் சேதராப்பட்டின் கிழக்கு எண் மூன்றரை லட்சத்துக்கு மேலே வரும். வடக்கு எண் பூமத்தியரேகையிலிருந்து எண்ணி 13 லட்சத்தைத் தாண்டும். எண்களின் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். நாம் செய்வதெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது, எதிரெதிரைக் கூட்டி ஒப்பிடுவது. எல்லா மூலைகளிலிருந்தும் ஒரே பெரிய எண்ணைக் கழித்துவிட்டு 12, 5 என்று சின்னதாக எழுதிக்கொண்டாலும் வடிவம் மாறாது.

மிச்சம் இருப்பது பிழை. பாடப்புத்தகத்துப் புள்ளிகள் முழு எண்களில் வந்து, சரியாகப் பூஜ்யம் தரும். நிலத்துப் புள்ளிகள் அப்படி வருவதில்லை. திருத்தம் பெறும் ஜிபிஎஸ் கருவி, சர்வேயர்கள் ரோவர் என்பது, நல்ல வெட்டவெளியில் ஓரிரு சென்டிமீட்டர் துல்லியம் தரும். அதை வைத்து இரண்டாவது மனையை அளந்தால் ஒரு கூட்டுத்தொகை (48.02, 41.97) என்றும், மற்றது (47.99, 42.01) என்றும் வரலாம். சமம் இல்லையே, இணைகரம் இல்லையே என்று முடிவு கட்டக் கூடாது. பாதியாக்கிப் பார்த்தால் இரண்டு நடுப்புள்ளிகளும் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளியிருக்கின்றன. கருவியின் பிழைக்குள் அடங்குகிறது. செங்கோணக் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். 25 மீட்டர்ப் பக்கங்களைப் பெருக்கிக் கூட்டி 0-க்குப் பதில் 0.5 வந்தால் அரை என்பது பெரிதாகத் தோன்றும். பக்க நீளங்களின் பெருக்கற்பலனான 625-ஆல் வகுத்துப் பார்த்தால், அது ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான கோணல். எந்தக் கொத்தனாரும் அதைவிட நேராகச் சுவர் வைக்க மாட்டார்.

செல்போன் அப்படியல்ல. திறந்தவெளியிலேயே அதன் புள்ளி சில மீட்டர் தள்ளி விழும். 25 மீட்டர் மனை 85 டிகிரிக்குச் சாய்ந்திருந்தால் அதன் மூலைவிட்டங்களுக்கிடையே வித்தியாசம் மூன்று மீட்டர்தான். போனின் பிழையே அவ்வளவு இருக்கும்போது, போனை வைத்துக்கொண்டு மனை சதுரமா சாய்சதுரமா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பத்து ஏக்கர் தோப்பின் வடிவத்தைச் சுமாராக அறிய அது போதும். எல்லைக்கல்லுக்குப் போதாது.

மனை வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம், அதிகச் செலவும் இல்லை. பத்திரத்தில் நாலு பக்க அளவோடு மூலைக்கு மூலை அளவு ஒன்றையும், எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு என்பதோடு, சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு மூலைவிட்டம் போதும். மனை இரண்டு முக்கோணமாகி அசையாமல் நின்றுவிடும். சர்வேயர் ரோவரோடு வந்திருந்தால் அவர் கிளம்புவதற்கு முன் நாலு கல்லுக்கும் கிழக்கு எண், வடக்கு எண், மண்டலம் 44 என்ற குறிப்பு, சுற்றி வரும் வரிசை எல்லாவற்றையும் எழுதி வாங்கிப் பத்திர நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர் மூலைகளை அங்கேயே ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிடுங்கள்.